பகாசுரனும் பீமனும்: கிரேட் காளியின் மல்யுத்த வாழ்க்கை, ஒரு மதிப்பீடு

ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து அரக்கோணம் நோக்கி வரும் ரயில்பாதையை ஒட்டி, புத்தூர், நகரி என்று நீளும் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் அந்த எல்லைச் சீமையில் இரண்டு கட்டங்களுக்குக் கூட்டம் தானாகச் சேரும். ஒன்று பகாசுர வதம். வண்டி நிறையச் சோற்றோடு பீமன் கிளம்புவான். மற்றொன்று கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் பல அடி நீளத்துக்குத் தரையில் கிடப்பான், பீமன் அவன் தொடையைப் பிளப்பான். யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் அங்கே ஒருவரும் வருவதில்லை. தெரிந்தும் வருகிறார்கள், பதறுகிறார்கள், அழுகிறார்கள்.

தொழில்முறை மல்யுத்தம் இயங்குவதும் இந்த ஒப்பந்தத்தின் மேல்தான். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது என்பதை அமெரிக்க நிறுவனம் வெளிப்படையாக ஒத்துக்கொள்ள 1989 வரை ஆனது. நியூ ஜெர்சி மாநிலத்தின் விளையாட்டு ஒழுங்குமுறை வாரியத்தின் பிடியிலிருந்து தப்புவதற்காக, இது விளையாட்டு இல்லை, கேளிக்கைதான் என்று அன்றைய டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனம் அந்த மாநிலச் சட்டமன்றத்திடம் சொன்னது. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒப்புதலில் அதிர்ச்சி எதுவும் இருந்திருக்காது.

இந்தப் பின்னணியில்தான் 'கிரேட் காளி' என்ற தலீப் சிங் ராணாவின் தொழில் வாழ்க்கையை எடைபோட வேண்டியிருக்கிறது. ஏழடியைத் தாண்டிய உயரம், ஏறக்குறைய 157 கிலோ எடை, 2007இல் உலக ஹெவிவெயிட் பட்டம். இவரைப் பற்றி மூன்று தீர்ப்புகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. டபிள்யூடபிள்யூஇயில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்பது பெருமைக்காரர்களின் தீர்ப்பு. நடக்கவே சிரமப்பட்ட, ஆட்டம் தெரியாத மனிதர் என்பது அமெரிக்க விமர்சகர்களின் தீர்ப்பு. ஆண்டின் மோசமான வீரர்கள் பட்டியல்களில் அவர் பெயர் தவறாமல் அடிபட்டது. நோயைக் காட்சிப்பொருளாக்கிய வணிகத்தின் பலி அவர் என்பது இரக்கப்படுவோரின் தீர்ப்பு. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன: அந்த உடலுக்கு எந்த வேடம் என்பதை முடிவு செய்தவர் யார்? காளியின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு அணுகினால் அவருடைய தோல்விகள், கேலிக்கூத்துகள், ஜலந்தரில் அவர் தொடங்கிய பள்ளி எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன.

கோதாவில் உயரத்துக்கு என்ன மதிப்பு?

இந்திய மல்யுத்த மரபு உயரத்தைப் பெரிதாகக் கொண்டாடியதில்லை. மரபின் உச்சமாகச் சொல்லப்படும் காமா பயில்வானின் உயரம் ஐந்தே முக்கால் அடிக்குள்தான். 1910இல் லண்டனில் போலந்துக்காரரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவைத் தரையோடு தரையாக அழுத்தி மணிக்கணக்கில் எழவிடாமல் வைத்திருந்தார். 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். மண் கோதாவில் பிடியும் மூச்சும் தரையோடு ஒட்டி நிற்கும் கால்களும்தான் கணக்கு. உயரமானவரின் இடுப்பு மேலே இருக்கும். கீழே புகுந்து தூக்குகிறவனுக்கு அது வசதி.

பெரிய உடலுக்கு மதிப்பு வந்தது சர்க்கஸ் கூடாரத்தில். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் பக்கம் வீரகட்டத்தில் 1882இல் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு இதற்குச் சரியான உதாரணம். மார்பின் மேல் யானையை ஏற்றிக்கொள்வது, சங்கிலியை மூச்சடக்கி அறுப்பது, ஓடும் மோட்டார் காரை இழுத்து நிறுத்துவது என்று அவர் காட்டிய வித்தைகளுக்கு மக்கள் கொடுத்த பட்டம் 'கலியுக பீமன்'. ஜெர்மானிய பலசாலி சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துவிட்டுப் போன காலம் அது. நம்மிடமும் ஒரு சாண்டோ உண்டு என்ற எண்ணம் ராமமூர்த்தியின் கூடாரத்துக்கு ஆள் சேர்த்தது. கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த சர்க்கஸ் அவருடையது. எந்த வித்தை, எந்த வரிசை, எந்த ஊர் என்பதை அவரே தீர்மானித்தார். அதனால் அவருக்குக் கிடைத்த வேடம் பீமன்.

அடுத்த தலைமுறையில் பெரிய உடல் எதிராளி ஆனது. 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன பஞ்சாபி இளைஞர் தாரா சிங், அங்கே கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் பயின்று மல்யுத்தக்காரரானார். ஆறடிக்குச் சற்று மேல் உயரம், கட்டான உடம்பு. அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் 'கிங்காங்' என்று பெயர் வைத்துக்கொண்ட எமில் சாயா. ஹங்கேரியில் வேர் கொண்டவர், எடைக்காகவே பெயர் பெற்றவர். தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் சுவரொட்டிகள் இந்த ஜோடியை வைத்தே அச்சாயின. தாரா சிங் தூக்கிப்போட வேண்டும் என்றால், தூக்கவே முடியாது என்று தோன்றும் ஓர் உடல் எதிரே வேண்டும். தாரா சிங் 1968இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்றார். 1965இல் வந்த 'மகாபாரத்' இந்திப் படத்தில் பீமனாகவும் பிறகு தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாகவும் நடித்தார். கிங்காங் 1970இல் கார் விபத்துக்குப் பின் இறந்தார். அவர் பெயர் தமிழில் பெருத்த உடம்புக்காரர்களைக் கேலி செய்யும் சொல்லாகவே தங்கிப்போனது. ஒரே மேடையில் நின்ற இருவரில் ஒருவருக்குப் பீமன் வேடமும் மற்றவருக்குப் பகாசுரன் வேடமும் வாய்த்த கதை இது.

சிர்மௌர் மலையிலிருந்து

தலீப் சிங் ராணா 1972 ஆகஸ்ட் 27 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் திரைனா என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஒருவர், ஏழைக் குடும்பம். சிறு வயதிலிருந்தே கூலி வேலை. காலுக்குச் செருப்புக் கிடைப்பதே பெரும்பாடு, ஏனென்றால் அந்த அளவில் கடையில் எதுவும் இருக்காது. சிம்லாவில் காவல்காரராக வேலை பார்த்தபோது பஞ்சாப் காவல்துறை அதிகாரி ஒருவரின் கண்ணில் பட்டு, 1993இல் அந்தத் துறையில் சேர்ந்தார். அங்கேதான் முறையான உணவும் உடற்பயிற்சிக் கூடமும் கிடைத்தன. உடற்கட்டுப் போட்டிகளில் 'மிஸ்டர் இந்தியா' பட்டம் 1990களின் பிற்பகுதியில் வந்தது.

இந்த உயரத்துக்குக் காரணம் அக்ரோமெகாலி. மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி ஒன்று வளர்ந்து, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கிறது. பெரும்பாலும் அது புற்றுநோய்க் கட்டி அல்ல. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன் இது தொடங்கினால் உயரம் கூடிக்கொண்டே போகும். மூடிய பிறகும் தொடர்ந்தால் கை, கால், தாடை, நெற்றி மட்டும் பருக்கும். மூட்டுகள் தேயும், இதயம் பெருக்கும், சர்க்கரை நோய் வரும், தூக்கத்தில் மூச்சு தடைபடும். பார்வையாளர்கள் பலம் என்று கண்டதில் பெரும்பகுதி உண்மையில் நோயின் அடையாளம். காளி மேடையில் மெதுவாகத் திரும்பியதையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியதையும் சோம்பல் என்று எழுதிய விமர்சகர்கள் அவருடைய முழங்காலைப் பார்க்கவில்லை.

கட்டி அகற்றப்பட்டது 2012 ஜூலையில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில். அதற்குள் அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. டபிள்யூடபிள்யூஇயில் ஆறு ஆண்டுகள் முடிந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார். 'பிக் ஷோ' என்று பெயர் பெற்ற பால் வைட்டுக்கு இதே நோய்க்கு இளமையிலேயே, மல்யுத்தத்துக்கு வருவதற்கு முன்பே, அறுவை சிகிச்சை நடந்தது. அவர் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தார், பலவிதமாக ஆடினார். சிகிச்சை எந்த வயதில் கிடைக்கிறது என்பதை நாடும் குடும்ப வருமானமும் முடிவு செய்கின்றன. சிர்மௌர் மலையில் கூலி வேலை செய்த பையனுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு மரணம்

தொழில்முறை மல்யுத்தத்தைக் கற்க ராணா அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 'ஆல் புரோ ரெஸ்லிங்' என்ற பயிற்சிக்கூடம். 2000 அக்டோபரில் 'ஜயன்ட் சிங்' என்ற பெயரில் அரங்கேற்றம். அடுத்த ஆண்டு மே மாத இறுதியில், அங்கே பயிற்சி பெற்றுவந்த பிரையன் ஓங் என்ற இளைஞர் ராணாவோடு பயிற்சி செய்யும்போது தலையில் அடிபட்டு இறந்தார். ஓங்குக்கு அதற்கு முன்பே தலையில் ஒரு காயம் இருந்தது. ஆனாலும் அவரைப் பயிற்சியைத் தொடரவிட்டிருந்தார்கள். குடும்பம் வழக்குத் தொடுத்தது. 2005இல் ஜூரி பயிற்சிக்கூடத்தின் மேல் குற்றம் கண்டு, 13 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது.

இந்த மரணத்தை காளியின் வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அப்படிக் கடக்கக் கூடாது. தொழில்முறை மல்யுத்தத்தில் விழுகிறவரின் உயிர் தூக்குகிறவரின் கையில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. ஆடும் இருவருக்கும் இடையே உயரத்திலும் எடையிலும் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, பயிற்சி தருகிறவரின் பொறுப்பு பல மடங்கு கூடுகிறது. அசாதாரணமான உடலை உடனே மேடையேற்றிக் காசாக்கும் அவசரம் அந்தப் பொறுப்பை விழுங்கியது. பிற்காலத்தில் காளிக்குக் கொடுக்கப்பட்ட ஆட்டமுறையைப் பார்த்தால் அது தெரியும்: தலையில் ஒரு வெட்டு, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து அமுக்குதல், ஒரு உதை. தூக்கி வீசும் உத்திகள் குறைவு. 'ஆட்டம் தெரியாதவர்' என்ற தீர்ப்பு, அவருக்கு எத்தனை உத்திகள் தரப்பட்டன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

2001 ஆகஸ்ட் முதல் ஜப்பான். நியூ ஜப்பான் நிறுவனம் அவரைப் பிரேசில்காரர் ஜயன்ட் சில்வாவோடு ஒரே அணியில் நிறுத்தியது. கூடைப்பந்து வீரராக இருந்து மல்யுத்தத்துக்கு வந்த சில்வாவும் ஏழடியைத் தாண்டியவர். இருவர் சேர்ந்து வந்தாலே போதும், டிக்கெட் விற்கும் என்பது கணக்கு. நடுவில் மெக்சிகோ, 2005இல் 'தி லாங்கஸ்ட் யார்ட்' ஹாலிவுட் படத்தில் ஒரு வேடம். 2006 ஜனவரியில் டபிள்யூடபிள்யூஇ ஒப்பந்தம்.

பதினெட்டு மாதங்களின் கணக்கு

காளியின் தொழில் வாழ்க்கையின் எலும்புக்கூடு 2006 ஏப்ரல் முதல் 2007 அக்டோபர் வரை உள்ள காலத்தில் இருக்கிறது. அதன் அமைப்பைக் கவனித்தால் ராட்சத வேடம் எப்படி எழுதப்படுகிறது என்று விளங்கும்.

2006 ஏப்ரல் 7 அன்று 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சியில் திடீரென வந்து அண்டர்டேக்கரை அடித்துச் சாய்த்தார். அண்டர்டேக்கர் என்றால் எளிதில் விழாதவர் என்று பதினைந்து ஆண்டுகளாக வளர்க்கப்பட்ட பெயர். மே 21 அன்று 'ஜட்ஜ்மென்ட் டே' நிகழ்ச்சியில் காளி அவரை மார்பில் காலை ஊன்றி வென்றார். ஆகஸ்டில், எழமுடியாமல் போகிறவர் தோற்பார் என்ற விதி கொண்ட ஆட்டத்தில் அண்டர்டேக்கர் பழிதீர்த்தார். ராட்சதன் வருகிறான், ஊரே நம்பும் ஒருவரை வீழ்த்துகிறான், பிறகு அவனே வீழ்த்தப்படுகிறான். எழுதுகிறவர்களுக்கு வேண்டிய பெயர் அண்டர்டேக்கர். காளி அந்தப் பெயரை இன்னும் பெரிதாக்கும் கருவி.

2007 ஏப்ரலில் டெட்ராய்ட் 'ரெஸ்ல்மேனியா 23' மேடையில் கேனை வென்றார். அந்த ஆட்டத்தில் கேன் காளியைத் தூக்கித் தரையில் போட்டது, இருபது ஆண்டுகளுக்கு முன் 1987இல் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே த ஜயன்ட்டைத் தூக்கிப்போட்ட கணத்தை நினைவூட்டுவதற்காகவே. ஆந்த்ரே விழுந்ததால்தான் ஹோகன் அவர் காலத்தின் பெரிய பெயரானார். அடுத்து ஜான் சீனா. மே மாதம் சீனா காளியைப் பிடியில் சிக்கவைத்துப் பணியவைத்தார். ஜூன் 3 அன்று உயரத்திலிருந்து தூக்கி எறிந்து வென்றார்.

பட்டம் வந்தது ஜூலையில். பட்டத்தை வைத்திருந்த எட்ஜ் காயம்பட்டு விலகியதால், இருபது பேர் மோதும் 'பேட்டில் ராயல்' டெக்சாஸ் மாநிலம் லரேடோவில் நடந்தது. கடைசியாக எஞ்சிய கேன், பட்டிஸ்டா இருவரையும் காளி ஒரே சமயத்தில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். உலக ஹெவிவெயிட் பட்டத்தைத் தூக்கிப் பிடித்த முதல் இந்தியர். இரண்டே மாதம். செப்டம்பர் 16 அன்று பட்டிஸ்டா அதைப் பறித்துக்கொண்டார்.

இந்தக் காலத்தின் மிகப் பொருள்நிறைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. காளிக்காகவே 'பஞ்சாபி பிரிசன்' என்று ஒரு மூங்கில் கூண்டு ஆட்டத்தை உருவாக்கினார்கள். 2006 ஜூலையில் முதல் அரங்கேற்றம். அன்று ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவு கூடியிருப்பதாகத் தெரிந்ததால் காளி ஆடவில்லை. அவர் பெயரில் கட்டிய கூண்டுக்குள் பிக் ஷோ இறங்கினார். 2007 அக்டோபரில்தான் காளிக்கு அந்த ஆட்டம் கிடைத்தது, அதிலும் பட்டிஸ்டாவிடம் தோல்வி. பஞ்சாபில் அப்படி ஒரு கூண்டுச் சிறை கிடையாது. அமெரிக்க எழுத்தாளர்கள் கற்பனை செய்த இந்தியா அது. இமாச்சலத்து மனிதர் பஞ்சாபி ஆனார், பஞ்சாபி என்றால் மூங்கில் கூண்டு ஆனது, கூண்டு அவர் இல்லாமலேயே ஓடியது. வேடம் ஆளைவிடப் பெரிதாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைக் கட்டிக்கொள்ளலாம் என்பதை அந்த ஒரு மாலை காட்டிவிட்டது.

வாய் மூடிய ராட்சதன், சிரிக்க வைத்த ராட்சதன்

காளிக்குப் பேச்சு தரப்படவில்லை. முதலில் ஈரானிய வம்சாவளி அமெரிக்கரான டைவாரி அவருக்காகப் பேசினார். பிறகு ரஞ்சின் சிங் என்ற பெயரில் டேவ் கபூர் மொழிபெயர்ப்பாளராக வந்து, கதையில் அண்ணன் தம்பி உறவும் சேர்ந்துகொண்டது. இந்தக் கபூர் உண்மையில் நிறுவனத்தின் கதை எழுதும் குழுவைச் சேர்ந்தவர். எழுதியவரே பக்கத்தில் நின்று பேசினார்; காளி உறுமினார். நூற்றாண்டுக்கு முந்தைய அமெரிக்க சர்க்கஸ் பக்கக் கூடாரங்களில் 'காட்டு மனிதர்' என்று காட்டப்பட்டவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். காளிதேவியின் பெயரால் வந்த மேடைப்பெயர் அந்தப் பயத்துக்குக் கூடுதல் மணம் சேர்த்தது.

2008க்குப் பிறகு பயம் தீர்ந்தது. எல்லோரிடமும் தோற்றுவிட்ட ராட்சதனைக் கண்டு யார் பயப்படுவார்? அவரைச் சிரிப்புக்கு மாற்றினார்கள். 'காளி கிஸ் கேம்' என்ற பெயரில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு வரவழைத்து முத்தம், நடனம், குள்ளமான ஹார்ன்ஸ்வாகிளோடு கூட்டணி. தெலுங்கு, தமிழ் ரசிகர்களுக்கு இந்த மாற்றம் புதிதல்ல. 1957இல் 'மாயா பஜார்' எஸ்.வி. ரங்கா ராவின் கடோத்கஜனைக் கொண்டு ராட்சதனைப் பிள்ளைகள் விரும்பும் ஆளாக்கிவிட்டது. ஆனால் கடோத்கஜன் சிரிக்க வைக்கும்போதும் கதையின் சூத்திரம் அவன் கையில் இருந்தது. மாயம் செய்வது அவன். காளியின் சிரிப்பில் அந்த அதிகாரம் இல்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள்.

இந்தியாவில் விளைவு வேறு மாதிரி இருந்தது. டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டுகளில் உயரம், எடை, மார்பளவு என்று கூவி விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு, தங்கள் நாட்டு ஆள் ஒருவர் உயர வரிசையின் உச்சிக்குப் போனதே போதுமானதாக இருந்தது. கார்டில் 'ஆட்ட நுட்பம்' என்று ஒரு கட்டம் கிடையாது. 2010இல் 'பிக் பாஸ்' நான்காம் பருவத்துக்குப் போனபோது அவர் பேசினார், சமைத்தார், கோபப்பட்டார், அழுதார். இரண்டாம் இடம் பெற்றார். மல்யுத்த மேடையில் காட்டப்படாத மனிதர் அந்த ஒரு நிகழ்ச்சியில் இந்தி பேசும் வீடுகளுக்குப் பழக்கமானார். 2014 நவம்பரில் டபிள்யூடபிள்யூஇயிலிருந்து விலகினார்.

உடல் கட்டிய விலை

காளியை மற்ற ராட்சத வீரர்களோடு வைத்துப் பார்க்காமல் இந்த மதிப்பீடு முழுமை பெறாது. ஆந்த்ரே த ஜயன்ட் அக்ரோமெகாலிக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளவில்லை. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்புப் பட்டையோடு 1987 ரெஸ்ல்மேனியா மேடைக்கு வந்தார். 1993இல் 46 வயதில் இதயம் நின்று பாரிசில் இறந்தார். அர்ஜென்டினாவின் ஜயன்ட் கொன்சாலஸ் கூடைப்பந்து வீரராக இருந்து, அமெரிக்கத் தொழில்முறை அணியின் தேர்வுவரை போய், பிறகு மல்யுத்தத்துக்கு வந்தவர். உடம்பில் ரோமமும் தசையும் வரைந்த உடை ஒன்றை மாட்டி 1993இல் அண்டர்டேக்கரின் எதிரே நிறுத்தினார்கள். 2010இல் 44 வயதில் சர்க்கரை நோயின் சிக்கல்களால் இறந்தார்.

இந்த வரிசையில் வைத்தால் காளி பிழைத்தவர். கட்டி அகற்றப்பட்டது, ஐம்பதைத் தாண்டி வாழ்கிறார். ஆனால் கொன்சாலஸுக்கும் காளிக்கும் தொழிலின் வடிவம் ஒன்றுதான்: வந்தவுடன் உச்சம், சில மாதங்களில் வீழ்ச்சி, மீதிக் காலம் துணைவேடம். மற்ற வீரர்கள் பயின்று வளரப் பத்து ஆண்டுகள் தருகிறார்கள். ராட்சதனுக்கு அந்தப் பொறுமை காட்டுவதில்லை. அவன் உடல் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்று வணிகம் நினைக்கிறது. மூட்டுகள் தேய்வதற்குள் சம்பாதித்துவிட வேண்டும் என்ற கணக்கும் அதில் ஒளிந்திருக்கிறது.

ஜலந்தரில் எழுத்து கைமாறியது

2015இல் காளி ஜலந்தரில் 'கான்டினென்டல் ரெஸ்லிங் என்டர்டெயின்மென்ட்' என்ற நிறுவனத்தையும் பயிற்சிப்பள்ளியையும் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் இந்தப் பகுதிக்குத்தான் கவனம் குறைவாகக் கிடைத்திருக்கிறது. என் பார்வையில் கனமான பகுதி இதுவே.

2016 பிப்ரவரியில் உத்தராகண்டின் ஹல்த்வானியில் அவர் நடத்திய நிகழ்ச்சியில் வெளிநாட்டு வீரர்கள் அவரை நாற்காலியால் தாக்கினார்கள். தலையில் காயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். செய்தித் தொலைக்காட்சிகள் அலறின. சில நாட்களில் டேராடூனில் கட்டுப்போட்ட தலையோடு மேடையேறி அவர்களைப் பழிவாங்கினார். அமெரிக்காவில் அவரை வீழ்த்தும் நாயகர்களுக்கு எழுதப்பட்ட கதை இது: அடிபடு, ரத்தம் சிந்து, எழுந்து வா, வெல். இம்முறை அதை எழுதியவர் காளி, நாயகனும் அவரே. அதே உடல், அதே முழங்கால், அதே மெதுவான நடை. பகாசுரன் வேடத்தைக் கழற்றிவிட்டுப் பீமனாக வந்தார். கலை நயத்தில் அந்த இரு இரவுகள் உயர்ந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் கோடி ராமமூர்த்தியின் கூடாரத்துக்குப் பிறகு, இந்தியப் பேருடல் ஒன்று தனக்கான கதையைத் தானே வகுத்துக்கொண்டது இங்கேதான்.

அந்தப் பள்ளி வேறொன்றும் செய்தது. ஹரியானாவைச் சேர்ந்த பளுதூக்கும் வீராங்கனை கவிதா தேவி அங்கே பயின்றார். சல்வார் கமீசில் அவர் மோதிய காணொளி பரவி, 2017இல் டபிள்யூடபிள்யூஇயின் 'மே யங் கிளாசிக்' போட்டிக்குப் போனார். அந்த நிறுவனத்தில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். ஏழடி உயரத் தில்ஷேர் ஷாங்கியும் ஜலந்தரில் இருந்தே அமெரிக்கா போனார். ஷாங்கி போனது காளி நடந்த தடத்தில். ஆனால் கவிதா நுழைந்தது உயரத்தைக் கொண்டல்ல, பயிற்சியைக் கொண்டு. குருவின் வாழ்க்கையில் திறக்காத கதவு மாணவியின் வாழ்க்கையில் திறந்தது.

2021இல் காளி டபிள்யூடபிள்யூஇயின் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் சேர்க்கப்பட்டார். 2022 பிப்ரவரியில் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார்.

சந்தையும் அடுத்த ராட்சதர்களும்

காளிக்குப் பிறகு என்ன நடந்தது என்பது அவர் மதிப்பீட்டின் பகுதி. இந்தியா டபிள்யூடபிள்யூஇக்குப் பெரிய பார்வையாளர் சந்தை என்பது தெளிவான பிறகு, 2017 மேயில் கனடா பஞ்சாபியான ஜிந்தர் மகாலுக்கு முதன்மைப் பட்டம் தரப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மூன்றாவது 'பஞ்சாபி பிரிசன்' ஆட்டத்துக்குக் காளியை வரவழைத்து, ஜிந்தரின் வெற்றிக்கு உதவி செய்ய வைத்தார்கள். 2021 முதல் தமிழிலும் தெலுங்கிலும் வர்ணனை கேட்கத் தொடங்கியது. திருப்பதியிலும் திருத்தணியிலும் பிள்ளைகள் தங்கள் மொழியில் 'ஒன், டூ, த்ரீ' எண்ணிக்கைக்கு இடையில் ஆரவாரம் கேட்டார்கள்.

2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலி உள்ளரங்கில் 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டகிள்' நடந்தது. ஜான் சீனா வந்தார். இந்தியப் பங்குக்கு 'இன்டஸ் ஷேர்' ஜோடி: வீர் என்ற ரிங்கு சிங், சங்கா என்ற சௌரவ் குர்ஜர். இந்த குர்ஜரைத் தமிழ் வீடுகளுக்கும் தெரியும். 2013இல் தொடங்கி விஜய் டிவியில் தமிழ் பேசி வந்த மகாபாரதத் தொடரில் பீமன் அவர்தான். ஹைதராபாத்தில் அந்த ஜோடி கெவின் ஓவன்ஸ், சாமி ஸெய்ன் இருவரிடம் தோற்றது. தொலைக்காட்சியில் பகாசுரனைக் கொன்ற பீமனுக்குச் சொந்த நாட்டு மேடையில் கிடைத்தது எதிராளி வேடம். இரண்டு வாரங்களில் ஷாங்கி நிறுவனத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்கு முன் அவரையும் நடனமாடும் சிரிப்பு ராட்சதனாகத்தான் மாற்றியிருந்தார்கள். 2024 ஏப்ரலில் ஜிந்தர், வீர், சங்கா மூவரும் ஒரே நாளில் விடுவிக்கப்பட்டார்கள். 2025 முதல் நிகழ்ச்சிகள் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு மாறின. பார்வையாளர்கள் இங்கே இருக்கிறார்கள், சந்தா இங்கிருந்து போகிறது. வேடம் எழுதும் அறை இன்னும் இங்கே வரவில்லை.

தீர்ப்பு

தொடக்கத்தில் சொன்ன மூன்று தீர்ப்புகளுக்குத் திரும்பினால், ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. பெருமைக்காரர்கள் கொண்டாடும் பட்டம் காளியின் உச்சம் என்று சொல்ல முடியாது. பட்டிஸ்டா அதைப் பறிக்கும்போது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் இடுப்பில் கட்டப்பட்டது அது. விமர்சகர்கள் குறை சொன்ன ஆட்டம் உண்மையிலேயே பலவீனமானதுதான். ஆனால் பயிற்சிக்கூடத்தின் அலட்சியம், தாமதமான சிகிச்சை, பொறுமையற்ற வணிகம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய பலவீனம் அது. இரக்கப்படுவோர் அவரைப் பலியாக மட்டும் பார்ப்பது, தொழிலின் கணக்கைப் புரிந்துகொண்டு, அதில் சம்பாதித்து, அந்தப் பணத்தில் சொந்த மேடை கட்டிய ஒருவரின் சாமர்த்தியத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது.

ராட்சத வேடத்தின் வேலை வெல்வது அல்ல, சரியான நேரத்தில் விழுவது. அதைக் காளி ஒப்பந்தப்படி செய்தார். அண்டர்டேக்கர், சீனா, பட்டிஸ்டா மூவரும் அவர் மேல் ஏறி உயரம் காட்டினார்கள். அந்த வகையில் அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்த தொழிலாளி. ஜலந்தர் பள்ளிதான் அவரை வெறும் தொழிலாளி என்ற நிலையிலிருந்து மேலே கொண்டுபோகிறது. ஹல்த்வானி, டேராடூன் இரவுகளில் நாடகம் மலிவாக இருந்தாலும் உரிமை அவருடையது.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம் எளிது. இந்தியாவில் அடுத்த ஏழடி இளைஞன் எங்கோ ஒரு கிராமத்தில் வளர்ந்துகொண்டிருப்பான். அவனுக்கு முதலில் தேவை ஹார்மோன் பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனை. அடுத்து, தலைக்காயத்துக்கு விதி வைத்திருக்கும் பயிற்சிக்கூடம். மூன்றாவதாக, தன் கதையில் தனக்குச் சொல் உள்ள ஒப்பந்தம். இந்த மூன்றும் இல்லாமல் அவனை விமானம் ஏற்றினால் இன்னொரு பகாசுரன்தான் கிடைப்பான். வீழ்த்த ஆள் தேடும் கதைகளுக்கு உலகில் பஞ்சமே இல்லை.